தாத்தா முகம் ஏன் குண்டாச்சு? வீடியோ டைட்டில் செய்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய பிக்ஸல் கணக்கு!

``இது யாருடி?''

அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, நான் ரெண்டு வாரமா எடிட் பண்ணின வீடியோவைப் பார்த்துட்டு அப்பத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான். திரையில் இருந்தது வேற யாருமில்லை, அவங்க வீட்டுக்காரர். என் தாத்தா.

``உங்க தாத்தா ஒல்லிப்பிச்சான்டி. கன்னமே இருக்காது. இது யாரோ மாதிரில்ல இருக்கு!''

1992-ல நடந்த அப்பா - அம்மா கல்யாணத்தோட வீடியோ கேசட் அது. பின்னாடி யாரோ டிவிடியா மாத்தி வெச்சிருந்தாங்க. நான் ஒண்ணாவது படிக்கும்போதே தாத்தா போயிட்டார். அவர் நடக்கிறது, சிரிக்கிறது, துண்டை உதறித் தோள்ல போடுறது எல்லாம் பதிவாகியிருக்கிற ஒரே இடம் அந்த கேசட்தான். அதுல இருந்து ஆறு நிமிஷத்தை எடுத்து, முன்னாடி ஒரு டைட்டில் வெச்சிருந்தேன். தங்க நிற வளையத்துக்குள்ள அப்பா - அம்மா போட்டோ, கீழே ரெண்டு பேர் பெயர். அந்த வளையமும் வட்டமா இல்லை. முட்டையைப் படுக்க வெச்ச மாதிரி இருந்தது.

எடிட்டிங் ஆப் மேல தப்பில்லை, கேசட் மேலயும் தப்பில்லை. தப்பு முழுக்க என்னோடது. ஃபிரேம் சைஸ், பிக்ஸல் வடிவம்னு ரெண்டு விஷயத்தை நான் ஒண்ணுனு நினைச்சுட்டேன். உங்க வீட்டுலயும் ஒரு பழைய கல்யாண கேசட் இருக்கலாம், நீங்களும் ஒருநாள் அதுக்கு டைட்டில் போடலாம். அதனால, நான் பட்டதை நீங்க படாம இருக்க இந்தக் கட்டுரை.

கோலம் போடத் தெரியுமா? அப்போ பிக்ஸலும் புரியும்!

15 புள்ளி, 15 வரிசைனு ஒரு கோலம். புள்ளிக்குப் புள்ளி எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி விட்டா, கோலம் கச்சிதமா வரும். அதே 15 புள்ளியை, குறுக்கே மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சுட்டு, மேலிருந்து கீழே நெருக்கமா வெச்சா? புள்ளி எண்ணிக்கை மாறலை. இழுக்கிற இழையும் மாறலை. ஆனா, நடுவுல இருக்கிற தாமரை அகலமா, அமுங்கிப்போய் இருக்கும்.

வீடியோவும் அப்படித்தான். `1920×1080'-ன்னு சொல்றோமே, அது புள்ளிகளோட எண்ணிக்கை. அதாவது ஃபிரேம் சைஸ். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்ங்கிறது தனிக் கணக்கு. அதுக்குப் பெயர் பிக்ஸல் ஆஸ்பெக்ட் ரேஷியோ. அகலமும் உயரமும் சமமா இருந்தா 1.0, அதாவது சதுர பிக்ஸல். அகலம் அதிகம்னா ஒண்ணுக்கு மேல. குறைவுன்னா ஒண்ணுக்குக் கீழ.

இன்னிக்கு உங்க போன் எடுக்கிற வீடியோ, ரீல்ஸ், யூடியூப் எல்லாமே சதுர பிக்ஸல்தான். அதனால இந்த ரெண்டாவது கணக்கைப் பத்தி நாம யோசிக்கவே தேவையில்லாம வளர்ந்துட்டோம். பழைய வீடியோவைத் தொடும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

யார் இந்த 720?

பழைய குழாய் டிவியில் படம் வரி வரியாகத்தான் வரும். மேலிருந்து கீழே எத்தனை வரி என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு வரிக்குள்ள குறுக்கே எத்தனை புள்ளி என்ற கேள்வியே அப்போ கிடையாது. படத்தை டிஜிட்டலா மாத்தணும்னு வந்தப்போதான் அந்தக் கேள்வி வந்தது.

உலகம் அப்போ பெரும்பாலும் ரெண்டு அணியா இருந்தது. அமெரிக்கா, ஜப்பான் பக்கம் 525 வரி. ஐரோப்பா, இந்தியா பக்கம் 625 வரி. நாம எடுத்துக்கிட்டது `பால்' முறை. 1982-ல கொண்டுவந்த சர்வதேச டிஜிட்டல் வீடியோ தரத்தில், ரெண்டு அணிக்கும் பொதுவா இருக்கட்டும்னு ஒரு வரிக்கு 720 புள்ளின்னு முடிவு பண்ணாங்க. பின்னாடி வந்த டிவிடியும், டேப்ல பதிவான டிவி வகை கேமராக்களும் இதே 720-ஐத்தான் பிடிச்சுக்கிட்டன. நம்ம பக்கம் 720×576. அமெரிக்கா பக்கம் 720×480.

இப்போ ஒரு சின்ன கணக்கு. அந்தக் கால டிவி திரை 4:3. 576 வரி உயரத்துக்கு, சதுர பிக்ஸலா இருந்தா 768 அகலம் வேணும். ஆனா கையில இருக்கிறது 720 தான். அப்போ ஒவ்வொரு பிக்ஸலையும் கொஞ்சம் அகலமாக்கித்தான் திரையை நிரப்பணும். அதான் நம்ம ஊர் பழைய வீடியோவில் பிக்ஸல் வடிவம் 1.07 அல்லது 1.09. சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் இந்த எண் மாறும், பயப்படாதீங்க. 720-ல ரெண்டு ஓரத்துலயும் படத்துல சேராத சில பிக்ஸல்கள் இருக்கும். அதைக் கணக்குல எடுக்கிறாங்களா, இல்லையாங்கிறதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா அந்தக் காலத்தில் அனுப்பின டிவிடின்னா, கதை தலைகீழ். 480 வரிக்கு 640 போதும். ஆனா 720 இருக்கு. அதனால் ஒவ்வொரு பிக்ஸலும் ஒல்லி. சுமார் 0.9.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு. அகலத்திரை டிவிடியும் அதே 720×576 தான்! அதுல பிக்ஸல் 1.42-லிருந்து 1.46 வரை அகலம். ஃபைல் அளவைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு. படம் மட்டும் வேற. டேப் போட்டு எடுத்த எச்டிவி கேமராக்கள் 1440×1080-ல பதிவு பண்ணும். பிக்ஸல் 1.33. அதைச் சரியா விரிச்சா 1920×1080 ஆகிடும். விரிக்காம விட்டா எல்லோரும் பட்டினி கிடந்தவங்க மாதிரி தெரிவாங்க.

``இப்படி அமுக்கி வெச்சுட்டு அப்புறம் விரிக்கிறது என்ன கூத்து?''ன்னு தோணுதா? சினிமாவில் இது எப்பவோ வந்தாச்சு. சினிமாஸ்கோப் படங்களை, அகலத்தைப் பாதியா அமுக்கும் லென்ஸ் வெச்சு ஃபிலிம்ல பதிவு பண்ணி, தியேட்டர் புரொஜெக்டர்ல இன்னொரு லென்ஸ் வெச்சு விரிப்பாங்க. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான `ராஜ ராஜ சோழன்' (1973) இந்த முறையில் வந்ததுதான். விரிக்கிற லென்ஸை மாட்ட மறந்தா, சோழனும் ஒல்லியாகத்தான் தெரிவார்.

நான் பண்ணின ரெண்டு தப்பு

முதல் தப்பு. என் புராஜெக்ட் 16:9. பழைய வீடியோவைப் போட்டதும் ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. `அசிங்கமா இருக்கே'ன்னு ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு இழுத்து முழுத்திரையா நிரப்பிட்டேன். 4:3 படம் 16:9 ஆனது. அதாவது, எல்லோர் முகமும் 33 சதவிகிதம் அகலமானது. ஒல்லிப்பிச்சான் தாத்தாவுக்குக் கன்னம் வந்தது இப்படித்தான்.

ரெண்டாவது தப்பு. டைட்டிலை வேற ஒரு போஸ்டர் ஆப்ல செய்தேன். `வீடியோ அளவு 720×576-ன்னு காட்டுதே, டைட்டிலும் அதே அளவுல இருக்கட்டும்'னு நினைச்சேன். அந்த ஆப்புக்குத் தெரிஞ்சது சதுர பிக்ஸல் மட்டும்தான். அதுல வரைஞ்ச வளையம் அங்கே அழகான வட்டம். அதை 16:9-க்கு இழுத்ததும் 42 சதவிகிதம் அகலமாகி முட்டை ஆயிடுச்சு. தாத்தாவைவிட வளையம் அதிகமா விரிஞ்சதுக்குக் காரணம், ரெண்டுக்கும் பிக்ஸல் வடிவம் வேற வேற.

இதிலிருந்து கத்துக்கிட்ட விதி ஒண்ணே ஒண்ணு. பழைய கிளிப்போட அளவுல டைட்டில் செய்யாதீங்க. கடைசியா எந்தத் திரையில் ஓடப்போகுதோ அந்த அளவுல, சதுர பிக்ஸல்ல செய்யுங்க. சில எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் 720×576, 1440×1080 மாதிரி அளவைப் பார்த்ததும், `ஓ, இது பழைய வீடியோ'ன்னு தானாகவே ஊகிச்சு உங்க டைட்டிலை விரிச்சுடும். அந்த அளவுகளைத் தவிர்த்துட்டா பாதிப் பிரச்னை காலி.

எந்தத் திரைக்கு எந்த அளவு?

* யூடியூப், வீட்டு டிவி: 1920×1080. 4கே-ல எடிட் பண்றீங்கன்னா 3840×2160.
* ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: 1080×1920. மேலே உள்ளதைத் திருப்பிப் போட்டா போதும்.
* இன்ஸ்டா ஃபீடு போஸ்ட்: 1080×1350 அல்லது சதுரமா 1080×1080.
* மண்டபத்து எல்இடி திரை: இதுக்கு ஒரே அளவு கிடையாது. அந்த அண்ணன்கிட்ட கேட்டே ஆகணும்.

முதல் மூணுக்கும் பிக்ஸல் 1.0. யோசிக்கவே வேண்டாம்.

எல்இடி திரைதான் பலரையும் கவுத்துவிடும் இடம். பேனல்களை அடுக்கிச் செய்றதால, 12 அடிக்கு 8 அடின்னு 3:2 விகிதத்துல திரை இருக்கலாம். அதுல உங்க 16:9 வீடியோவை `ஃபுல் ஸ்கிரீன்' போட்டா, எல்லோரும் 16 சதவிகிதம் ஒல்லியாகிடுவாங்க. ``அண்ணே, திரை எத்தனை அடி அகலம், எத்தனை அடி உயரம்? வீடியோவை இழுத்து நிரப்புவீங்களா, இல்லை பட்டை விட்டு ஓட்டுவீங்களா?''ன்னு ரெண்டே கேள்வி முன்கூட்டியே கேட்டுடுங்க. 3:2 திரைன்னா 1620×1080-ல தனியா ஒரு டைட்டில் செய்து கொடுக்கலாம்.

ஒரு சின்ன டிப்ஸ்: நீங்களா ஒரு அளவு போடும்போது ரெண்டு எண்ணும் இரட்டைப்படையா இருக்கட்டும். பெரும்பாலான வீடியோக்கள் ஏத்துமதி ஆகும் முறைக்கு ஒற்றைப்படை ஆகாது.

டைட்டிலை எங்கே வைக்கிறது?

அளவு சரியா இருந்தாலும், ஓரத்தில் எழுதினா வேலைக்காகாது. டிவிக்களில் சில, படத்தோட விளிம்பைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். அதனால நாலு பக்கமும் 5 சதவிகிதம் விட்டுடுங்க. 1920×1080-ல அது இடம், வலம் 96 பிக்ஸல். மேல், கீழ் 54 பிக்ஸல். எழுத்து முழுக்க 1728×972-க்குள்ள இருந்தா பாதுகாப்பு.

ரீல்ஸ்ல எதிரி வேற. வலப்பக்கம் லைக், கமென்ட், ஷேர் பட்டன்கள். கீழே உங்க பெயர், கேப்ஷன், பாட்டுப் பெயர். கஷ்டப்பட்டுப் போட்ட `மணமக்கள்' பெயர் மேல `மோர்' பட்டன் உட்கார்ந்திருக்கும். அதனால கீழே மூணுல ஒரு பங்கை எழுத்து இல்லாம விடுங்க. மேலேயும் கொஞ்சம் இடம் விடுங்க. பெயர், தேதி எல்லாம் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தா யாரும் மறைக்க முடியாது.

`யூடியூபுக்குச் செய்த டைட்டிலையே வெட்டி ரீல்ஸுக்குப் போட்டுக்கலாமே'ன்னு நினைக்காதீங்க. 1920 அகலத்திலிருந்து 9:16-க்கு வெட்டினா, உங்களுக்கு மிஞ்சுறது சுமார் 607 பிக்ஸல் அகலம்தான். `மீனாட்சிசுந்தரம்'ங்கிற பெயர்ல `சுந்த' மட்டும்தான் மிஞ்சும். ரெண்டுக்கும் தனித்தனியா செய்யுங்க. நிலைத்திரையில் ஒரே வரி, செங்குத்துத் திரையில் மூணு வரின்னு பிரிச்சுக்கலாம். வரிகளுக்கு நடுவுல இங்கிலீஷுக்கு விடுறதைவிட அதிக இடம் விடுங்க. நம்ம எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழின்னு நிறைய வாலும் கொம்பும் உண்டு. நெருக்கினா மேல் வரி `ழு'வும் கீழ் வரி `கி'யும் சண்டை போடும்.

தமிழ்ல டைட்டில்னா இன்னும் ஒரு சிக்கல்

சில எடிட்டிங் சாஃப்ட்வேர்ல தமிழ் டைப் பண்ணினா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். பிரீமியர், போட்டோஷாப் ரெண்டிலும் எழுத்துக்கான செட்டிங்ஸ்ல `சவுத் ஏஷியன்' மொழிகளுக்கான ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தா சரியாகிடும். அது இல்லாத ஆப்ல வேலை பண்றவங்க, வேற இடத்தில் தமிழ்ல எழுதி, படமா சேமிச்சு, வீடியோ மேல ஒட்டுவோம். நம்மில் பலருக்கு ஃபிரேம் சைஸ் தலைவலி ஆரம்பிக்கிறதே இந்த இடத்துலதான்.

அப்படிச் செய்யும்போது மூணு விஷயம். முதல்ல, ஜேபெக் வேண்டாம், பின்னணி இல்லாத பிஎன்ஜி-யா சேமிங்க. இல்லாட்டி எழுத்துக்குப் பின்னாடி வெள்ளைப் பலகை வரும். ரெண்டாவது, சின்னதா செய்து பெருசா இழுக்காதீங்க. 1280×720-ல செய்த டைட்டிலை 1080-க்கு இழுத்தா எழுத்தோட ஓரம் மங்கும். டைட்டில் மெதுவா பெருசாகிற மாதிரி எஃபெக்ட் வேணும்னா, கடைசியில் எவ்வளவு பெருசாகுமோ அந்த அளவுலயே செய்யுங்க. மூணாவது, `72 டிபிஐயா, 300 டிபிஐயா?'ங்கிற கேள்வியை மறந்துடுங்க. அது பேப்பர்ல அச்சடிக்கிறதுக்கு. வீடியோவுக்கு 1920×1080-ங்கிற எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு.

சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை. வட்டத்தைத் தேடுங்க!

பழைய வீடியோவில் பக்கவாட்டில் நிற்கிற கார் இருந்தா, அதோட சக்கரத்தைப் பாருங்க. உலகத்துல எந்த அம்பாஸடருக்கும் முட்டைச் சக்கரம் கிடையாது. நேரா கேமராவைப் பார்க்கிற அம்மாவோட பொட்டு, சுவர்க் கடிகாரம்னு எது வேணும்னாலும் உதவும். ஒரு ஸ்கேல் எடுத்துத் திரையில் குறுக்கேயும் நெடுக்கேயும் அளந்தா தெரிஞ்சுடும். உங்க டைட்டிலுக்கும் இதே டெஸ்ட்தான். ஓரத்தில் ஒரு வட்டம் வரைஞ்சு, வீடியோவுல ஒட்டி, போன்ல ஓடவிட்டு, வட்டத்து மேல ஒரு ரூபாய் காயினை வெச்சுப் பாருங்க. நாலு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிஞ்சா பாஸ். அப்புறம் அந்த வட்டத்தை எடுத்துடுங்க!

டிவியில் போட்டுப் பார்க்கும்போது மட்டும் விரிஞ்சு தெரியுதுன்னா, வீடியோவைத் திட்டுறதுக்கு முன்னாடி ரிமோட்டை எடுத்து `பிக்சர் சைஸ்' செட்டிங்கைப் பாருங்க. பல வீடுகள்ல அது வருஷக்கணக்கா `வைடு'ல கிடக்கும்.

தப்பா இருந்தா எப்படிச் சரி பண்றது?

கம்ப்யூட்டர்ல எடிட் பண்றவங்களுக்கு வேலை சுலபம். பிரீமியர்ல `இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்', டாவின்சி ரிசால்வ்ல `கிளிப் ஆட்ரிபியூட்ஸ்'. அங்கே அந்தக் கிளிப்போட பிக்ஸல் வடிவத்தை மாத்தலாம். 720×576 கிளிப்புக்கு `பால்' அல்லது `பால் வைடுஸ்கிரீன்', ரெண்டில் எதைப் போட்டா சக்கரம் வட்டமாகுதோ அதுதான் சரி.

போன் ஆப்கள்ல பெரும்பாலும் இந்த செட்டிங் இருக்காது. அப்போ கையால செய்யணும். 1920×1080 புராஜெக்ட்ல, 4:3 பழைய கிளிப்போட உயரம் 1080-ன்னா, அகலம் 1440 வரணும். ரெண்டு பக்கமும் தலா 240 பிக்ஸல் காலியா நிற்கும். அதை விட்டுடுங்க. கறுப்பா இருக்கிறது உறுத்தினா, அதே வீடியோவை மங்கலாக்கிப் பின்னாடி ஓடவிடுங்க. முகத்தை இழுக்காதீங்க. அவ்வளவுதான். டைட்டிலை இந்தக் கிளிப்போட ஒட்டாம, தனி லேயரா மேலே 1920×1080-ல வெச்சா, கிளிப்பை எப்படி மாத்தினாலும் வளையம் வட்டமாவே நிக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ரெண்டு தடவை திருத்தாதீங்க. சாஃப்ட்வேர்ல பிக்ஸல் வடிவத்தை மாத்திட்டு, `இன்னும் கொஞ்சம்'னு கையாலயும் இழுத்தா, பழையபடி கன்னம் வந்துடும். ஒரிஜினல் ஃபைலையும் அழிச்சுடாதீங்க. திருத்தினதை வேற பெயர்ல சேமிங்க.

அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு நான் செய்ததும் இதைத்தான். கிளிப்பை 1440×1080-க்குக் கொண்டுவந்தேன். டைட்டிலை 1920×1080-ல புதுசா செய்தேன். மொத்தமே இருபது நிமிஷ வேலை. காலையில மண்டபத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பத்தாகிட்ட போனைக் கொடுத்தேன். டைட்டிலை அவங்க கண்டுக்கவே இல்லை. பந்தல் வாசல்ல தாத்தா வந்து நின்னு துண்டை உதறினதும் போனைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோனாங்க.

``ம்ம்... இவர்தான்''னாங்க. ``இன்னொரு தடவை போடு.''